வைரஸ் வருவது விண்டோஸாலா, நம் கையாலா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். 2016-இல் வாங்கிய கணினி, விண்டோஸ் 10. இதுவரை இரண்டு முறை வைரஸ் வந்துவிட்டது. முதல் முறை, படங்களைத் திருத்தும் ஒரு மென்பொருளின் ‘கிராக்’ பதிப்பை, அதாவது காசு கொடுக்காமலே ஓடும்படி பூட்டை உடைத்ததைப் போட்டபோது. அடுத்தது சென்ற மாதம், ‘இன்வாய்ஸ்’ என்று மெயிலில் வந்த ஜிப் ஃபைலைத் திறந்தபோது. இரண்டு தடவையும் ஆண்டிவைரஸ் சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்னது. “லினக்ஸுக்கு மாறிவிடு, வைரஸ் தொல்லையே இருக்காது” என்கிறான் தம்பி. “எந்த சிஸ்டமாக இருந்தால் என்ன, கண்டதையும் கிளிக் செய்கிற கைதான் காரணம்” என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். யார் சொல்வது சரி? நான் என்ன செய்யட்டும்?

பதில்: யார் சரி என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. கிராக் ஓடிய கணினியில், ‘சுத்தம் செய்துவிட்டேன்’ என்ற ஒரு வரியை நம்பி, வங்கி, மெயில், வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாவற்றையும் தொடர்ந்து திறந்து வருகிறீர்கள். இன்றோடு அதை நிறுத்துங்கள். அந்தக் கணினியை அழித்துப் புதிதாக நிறுவும்வரை வங்கி வேலையைப் போனிலோ வேறு நல்ல கணினியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

இனி உங்கள் கேள்வி. தம்பியும் உடன் வேலை பார்க்கும் நண்பரும் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள், அதனால்தான் வாதம் முடியவில்லை. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே பரவும் ரகம் ஒன்று. நாமே ஓடவிடுவது இன்னொன்று.

முதல் ரகத்துக்குப் பேர்போன உதாரணம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை. விண்டோஸில் கணினிகளுக்கிடையே ஃபைல் பகிரும் சேவையில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை கிளம்பியது. இடையில் 59 நாள். ஒரு நெட்வொர்க்கில் அப்டேட் போடாத கணினி ஒன்று சிக்கினால் போதும், அது பக்கத்திலிருப்பவற்றைத் தானே தேடிப் பிடித்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல முடங்கியது அப்படித்தான். மெயிலை எத்தனை ஜாக்கிரதையாகத் திறப்பவர் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வரவில்லை. தப்பித்த கணினியும் விண்டோஸ், மாட்டிய கணினியும் விண்டோஸ். இடையிலிருந்த வித்தியாசம் அந்த மார்ச் அப்டேட் மட்டுமே. ஆகவே இந்த ரகத்தில் சிஸ்டம்தான் தீர்மானிக்கிறது, ஆனால் சிஸ்டத்தின் பெயர் என்ன என்பதைவிட அது எந்தத் தேதிவரை புதுப்பிக்கப்பட்டது என்பதே முக்கியம்.

வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியை இத்தகைய புழுக்கள் வெளியிலிருந்து நேரடியாக எட்டுவது அரிது. உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உள்ளே விடாது. வீட்டுக் கணினிக்கு இந்த ரகத்தில் மிஞ்சுகிற பெரிய வாசல் பிரவுசர்தான். குரோமோ எட்ஜோ ஃபயர்ஃபாக்ஸோ, அப்டேட்டைத் தானாக இறக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் பிரவுசரை மூடித் திறந்தால்தான் அது அமலுக்கு வரும். நாற்பது டேபைத் திறந்து வைத்து, கணினியை ஷட் டவுன் செய்யாமல் மூடி மட்டும் வைக்கிறவர்கள் வாரக்கணக்கில் பழைய பிரவுசரிலேயே இருக்கிறார்கள். மேல் மூலையில் ‘அப்டேட்’ என்று நிறம் மாறி நின்றால் அன்றே மூடித் திறந்துவிடுங்கள்.

தம்பியின் பேச்சில் எவ்வளவு உண்மை? மேக்குக்கு வைரஸே வராது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் ஏறத்தாழ 6 லட்சம் மேக் கணினிகளுக்குள் நுழைந்தது. அது நுழைந்த வழி ஜாவா என்ற மென்பொருள்; அதிலிருந்த ஓட்டைக்கு அதன் உரிமையாளரான ஆரக்கிள் பிப்ரவரியிலேயே மருந்து கொடுத்துவிட்டது. ஆப்பிள் தன் மேக்குகளுக்கு அதைக் கொடுத்தது ஏப்ரலில். அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. லினக்ஸ் கதையும் இப்படித்தான். 2016-இல் இணையத்தையே ஆட்டிவைத்த மிராய் என்ற தீநிரல் பிடித்ததெல்லாம் லினக்ஸில் ஓடும் கேமராக்களும் ரவுட்டர்களும். தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதன் ஒரே சாவி.

ஆனாலும் வீட்டு லினக்ஸ் கணினிகளுக்கு வைரஸ் குறைவு என்பது உண்மை. மூன்று காரணங்கள். ஆள் குறைவு, ஆகவே அதற்கென்று தீநிரல் எழுதிப் பிழைப்பவரும் குறைவு. மென்பொருளைக் கண்ட தளத்தில் தேடி இறக்காமல், உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகத்தின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்கிற வழக்கம். பிறகு, இறக்கிய ஃபைலுக்கு ‘இது ஓடலாம்’ என்ற அனுமதியை நாமே கொடுத்தால்தான் அது ஓடும். இவற்றில் இரண்டாவதுதான் உண்மையான பலம் என்பேன். அது பாதி சிஸ்டம், பாதி பழக்கம். களஞ்சியத்தை விட்டு, ஏதோ ஒரு பக்கத்தில் கண்ட கட்டளையை அப்படியே டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஒட்டி, முழு அதிகாரம் தரும் அட்மின் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டால் லினக்ஸ் என்ன செய்யும்? சொன்னதைச் செய்யும்.

“ரூட் பாஸ்வேர்டு (லினக்ஸின் அட்மின் பாஸ்வேர்டு) இல்லாமல் வைரஸ் ஒன்றும் செய்ய முடியாது” என்பதையும் தம்பி சொல்லியிருக்கக்கூடும். சிஸ்டம் ஃபைல்களைப் பொறுத்தவரை சரி. ஆனால் உங்களிடம் விலை மதிப்புள்ளது சிஸ்டம் ஃபைலா? அதை யாரும் ஒரு மணி நேரத்தில் மறுபடி நிறுவிவிடலாம். வாடிக்கையாளர்களின் கணக்குப் புத்தகங்கள், குடும்பப் படங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் உங்கள் பெயரிலுள்ள ஃபோல்டரில் இருக்கின்றன. நீங்கள் ஓடவிட்ட நிரல் உங்கள் பெயரில்தான் ஓடுகிறது. நீங்கள் தொடக்கூடியதையெல்லாம் அதுவும் தொடும். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இதுதான் அடிப்படை. சில ஃபோல்டர்களைத் தொட மேக் தனியாக அனுமதி கேட்கும். அந்தப் பெட்டியிலும் ‘சரி’ அழுத்துகிறவர் நாம்தான்.

இப்போது உங்களுக்கு நேர்ந்த இரண்டையும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

கிராக் பெரும்பாலும் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக வரும், பாஸ்வேர்டு அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ரகசியம் காக்க அல்ல அந்தப் பாஸ்வேர்டு. பிரவுசரும் ஆண்டிவைரஸும் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான். கூடவே ஒரு குறிப்பு: ‘கிராக் என்பதால் ஆண்டிவைரஸ் தவறாக எச்சரிக்கும், அணைத்துவிட்டு நிறுவவும்.’ நீங்கள் அணைக்கிறீர்கள். நிறுவும் நிரல் அட்மின் அனுமதி கேட்கிறது, ‘யெஸ்’ கொடுக்கிறீர்கள். பட மென்பொருள் உண்மையாகவே வேலை செய்யலாம், அதனால் சந்தேகமும் வராது. அட்மின் அனுமதி கிடைத்த நிரல் வழக்கமாகச் செய்கிற ஒரு வேலை, விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் தன் ஃபோல்டரைச் சேர்த்துவிடுவது. சில நேரம் சி டிரைவ் முழுவதையுமே. அதன்பிறகு நீங்கள் ஆண்டிவைரஸை எத்தனை முறை ஓட்டினாலும் அந்த இடத்தை அது பார்க்கவே பார்க்காது. ‘ஒன்றும் இல்லை’ என்று பச்சை டிக் காட்டும்.

இப்போதே சோதிக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’, அதில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’, பக்கத்தின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’. நீங்கள் சேர்க்காத ஏதேனும் அங்கே இருந்தால் கணினி சுத்தமாகவில்லை என்று பொருள். பட்டியல் காலியாக இருந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை. வேறு கம்பெனியின் ஆண்டிவைரஸ் போட்டிருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கியிருக்கும். அப்போது அந்த ஆண்டிவைரஸின் விலக்குப் பட்டியலைப் பாருங்கள்.

இன்வாய்ஸ் கதை வேறு. முன்பெல்லாம் இந்த மெயில்களில் மேக்ரோ, அதாவது உள்ளேயே ஓடும் சிறு நிரல், உள்ள வேர்டு, எக்செல் ஃபைல்கள் வரும். ‘எனேபிள் கன்டென்ட்டை அழுத்தாதீர்கள்’ என்று உலகமே ஆண்டுக்கணக்கில் சொல்லியும் மக்கள் அழுத்திக்கொண்டேதான் இருந்தார்கள். 2022-இல், இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்தது. தாக்குபவர்கள் பலர் அந்த வழியை விட்டு வேறு ஃபைல் வகைகளுக்குத் தாவினார்கள். உங்கள் விவாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை: புத்திமதி சாதிக்காததை ஒரே ஓர் அமைப்பு மாற்றம் சாதித்தது.

அவர்கள் தாவிய இடங்களில் ஒன்று ஷார்ட்கட். உங்கள் ஜிப்புக்குள் இருந்ததும் அநேகமாக அதுவாகவே இருக்கும். டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறோமே, அதே ஷார்ட்கட். அதற்குப் பிடிஎஃப் படத்தை ஐகானாகக் கொடுத்து, ‘இன்வாய்ஸ்.பிடிஎஃப்’ என்று பெயர் வைத்துவிடலாம். ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டும்படி விண்டோஸில் அமைத்திருந்தாலும், ஷார்ட்கட்டுக்கு மட்டும் அது காட்டாது. இரண்டு அடையாளங்களில்தான் பிடிக்க முடியும்: ஐகானின் கீழ் மூலையில் ஒரு சின்ன வளைந்த அம்பு, ‘டீடெய்ல்ஸ்’ பார்வையில் ‘டைப்’ என்ற பத்தியில் ‘ஷார்ட்கட்’ என்ற சொல். இரட்டை கிளிக் செய்தால் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லுக்கு ஒரு கட்டளை போகும், அது தீநிரலை இறக்கும். உங்களுக்குச் சந்தேகம் வராதிருக்க ஓர் உண்மையான பிடிஎஃப்பும் திறக்கும்.

லினக்ஸில் இந்த ஷார்ட்கட் ஒன்றும் செய்திருக்காது. அந்த அளவில் தம்பி ஜெயித்தார். ஆனால் இலவசமாகக் கிடைக்காத மென்பொருளை எப்படியாவது போட்டுவிட வேண்டும் என்ற அந்தக் கை லினக்ஸிலும் கூடவே வரும்.

இரண்டு வழியிலும் இன்று அதிகம் உள்ளே வருவது தகவல் திருடும் நிரல்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் போல ஆர்ப்பாட்டம் கிடையாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஆவணங்கள் ஆகியவற்றைச் சுருட்டி அனுப்ப அவற்றுக்குச் சில நிமிடங்கள் போதும். பல, வேலை முடிந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். மறுநாள் ஆண்டிவைரஸ் மிச்சத்தைப் பிடித்து ‘சுத்தம்’ என்று சொன்னால், போனது திரும்பி வந்துவிடாது. பாஸ்வேர்டை விடக் குக்கீ மோசம். நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்பதற்கான சீட்டு அது. அதை வைத்திருப்பவரிடம் பாஸ்வேர்டும் கேட்கப்படாது, ஓடிபியும் கேட்கப்படாது. பல தளங்களில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுவது, திருடன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வாசற்பூட்டை மாற்றுவது போல. ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்தினால்தான் அவன் வெளியே போவான். குரோம் 2024-இல் விண்டோஸ் குக்கீகளுக்குக் கூடுதல் பூட்டு ஒன்று போட்டது. சில மாதங்களிலேயே அதற்கும் மாற்றுவழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

நண்பர் சொல்வதிலும் ஒரு குறை இருக்கிறது. ‘தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே’ என்பது உங்கள் தொழிலுக்கு ஒத்துவராத அறிவுரை. முன்பின் அறியாதவர்களின் இன்வாய்ஸைத் திறப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். தினம் முப்பது இணைப்புகளைத் திறக்கிற ஒருவர், மாதக் கடைசி இரவில் முப்பத்தோராவதையும் அதே கவனத்தோடு பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. போதாக்குறைக்கு, ஜாக்கிரதையானவர்களின் பழக்கத்தையே பயன்படுத்திக்கொள்ளும் தந்திரங்கள் வந்துவிட்டன. 2024 முதல் பரவலாகக் காணப்படும் ஒன்றைப் பாருங்கள். ஏதோ ஒரு பக்கத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்ற பெட்டி. டிக் செய்ததும் மூன்று வழிமுறைகள்: விண்டோஸ் பட்டனையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தவும், கன்ட்ரோலும் ‘வி’யும் அழுத்தவும், என்டர் தட்டவும். நீங்கள் டிக் செய்த அந்த நொடியிலேயே பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. அதை நீங்களே உங்கள் கையால் ‘ரன்’ பெட்டியில் ஒட்டி ஓடவிடுகிறீர்கள். பெட்டி குறுகலானது, கட்டளையின் வால்தான் தெரியும். அந்த வாலில் ‘நான் ரோபோ அல்ல’ என்று எழுதி வைத்திருப்பார்கள். டெர்மினலைத் திறக்கச் சொல்லும் மேக் பதிப்பும் இதற்கு உண்டு. எந்தச் சரிபார்ப்புக்கும், எந்த நேர்மையான தளமும், உங்களை ரன் பெட்டிக்கோ டெர்மினலுக்கோ அனுப்பாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

எல்லாம் சரியாகச் செய்தும் சிக்குகிறவர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017-இல் சிகிளீனர் என்ற பிரபல மென்பொருளின் 5.33 பதிப்பு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலேயே, முறையான டிஜிட்டல் கையெழுத்தோடு, தீநிரலைச் சுமந்து வந்தது. 2024 மார்ச்சில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற லினக்ஸ் கருவிக்குள் ரகசியப் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ரிமோட் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஒரு பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது பெரும்பாலான லினக்ஸ் கணினிகளை எட்டும் முன் பிடிபட்டது. இவற்றுக்கு எதிராகப் பழக்கம் என்ன செய்யும்? தேவையில்லாத மென்பொருள்களைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே என் நிலைப்பாடு இது. உங்கள் இரண்டு சம்பவங்களிலும் உள்ளே விட்டது கை. எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதைத் தீர்மானித்தது சிஸ்டத்தின் அமைப்பு. கையை நூறு சதவீதம் திருத்த முடியாது. அமைப்பைத் திருத்த ஒரு மாலைப் பொழுது போதும்.

முதல் மாற்றம், அன்றாட வேலைக்கு அட்மின் அல்லாத கணக்கு. விண்டோஸில் முதலில் உருவாக்கும் கணக்கு அட்மினாகவே இருக்கும். அதில் ‘யெஸ்’ என்று ஒரு கிளிக்கில் சிஸ்டம் திறந்துவிடும். வரிசை மாறாமல் செய்யுங்கள். செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ போய், புதிதாக ஒரு கணக்கு உருவாக்குங்கள், அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். வேறு நல்ல பாஸ்வேர்டு வையுங்கள். ஒருமுறை அதில் லாகின் செய்து வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்தபடி உங்கள் பழைய கணக்கை ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ ஆக மாற்றுங்கள். இனி எதையாவது நிறுவ வேண்டுமானால் அந்த இன்னொரு பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். இன்வாய்ஸைத் திறக்கும்போது அப்படி ஒரு பெட்டி வந்தால், அதுவே மணியடித்த மாதிரி. தகவல் திருட்டை இது தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். விலக்குப் பட்டியலில் கை வைப்பது, ஆண்டிவைரஸை அணைப்பது, விண்டோஸின் மீட்புப் பிரதிகளை அழிப்பது போன்றவற்றைத் தடுக்கும்.

அடுத்து ரேன்சம்வேருக்கு. அதே விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரேன்சம்வேர் ப்ரொடெக்ஷன்’ என்பதற்குள் ‘கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்செஸ்’ இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும். போட்டால், அறிமுகமில்லாத நிரல்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் எழுத முடியாது. டி டிரைவில் கணக்குகளை வைத்திருந்தால் அந்த ஃபோல்டரை நீங்களே சேர்க்க வேண்டும். முதல் சில நாள் உங்கள் கணக்கு மென்பொருளையே அது தடுக்கக்கூடும். எரிச்சலில் முழுவதையும் அணைத்துவிடாமல், அந்த ஒரு மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். டிஃபெண்டர் ஓடினால்தான் இந்த வசதி வேலை செய்யும். வீட்டு உபயோகத்துக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து இன்னொன்று வாங்குவதைவிட அந்தப் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், கடிதம் என்ற பெயருக்குப் பின்னால் தன் உண்மையான வாலை மறைத்துக்கொண்டுதான் வந்தது. அந்த வாலை மறைக்கிற இயல்பு அமைப்பு இன்றுவரை விண்டோஸில் மாறவில்லை. ஏன் என்று எனக்கும் புரியவில்லை.

இன்வாய்ஸ்களுக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மெயிலை பிரவுசரிலேயே திறந்து, இணைப்பை இறக்காமல் அங்கேயே ப்ரிவ்யூவில் பாருங்கள். இன்வாய்ஸ் என்பது பார்க்கிற பொருள். ப்ரிவ்யூவில் தெரியாத இன்வாய்ஸ் மீது சந்தேகப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. பாஸ்வேர்டு போட்ட ஜிப், டிஸ்க் இமேஜ், எச்டிஎம்எல் ஆகிய வடிவங்களில் வந்தால், ‘பிடிஎஃப்பாக அனுப்புங்கள்’ என்று எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பிவிடுங்கள். வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவருவதில் இன்னொரு சிக்கல். இணையத்திலிருந்து இறங்கிய ஃபைலில் ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்று விண்டோஸ் ஒரு மறைகுறி போடும். விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற பாதுகாப்பு வசதி எச்சரிப்பதும் எக்செல் மேக்ரோவைத் தடுப்பதும் அந்தக் குறியைப் பார்த்துத்தான். பெரும்பாலான பென் டிரைவ்கள் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருப்பதால் அந்தக் குறி அதில் ஒட்டாது. பென் டிரைவ் வழியாக வந்த எக்செல் அந்தத் தடை இல்லாமல் திறப்பது அதனால்தான்.

பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்களான எக்ஸ்டென்ஷன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் பல குரோம் எக்ஸ்டென்ஷன்களைத் தயாரித்தவர்களின் கணக்குகளே கைப்பற்றப்பட்டு, தீய அப்டேட் தானாகப் பயனர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. விண்டோஸா லினக்ஸா என்று எக்ஸ்டென்ஷன் கேட்காது.

இப்போது லினக்ஸ் கேள்வி உங்களுக்கு உண்மையாகவே முக்கியமாகிறது, ஆனால் தம்பி சொன்ன காரணத்துக்காக அல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் அதிலிருந்து ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டிப்பாகக் கிடைக்கும். நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா என்று விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாருங்கள். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும். 2016-இல் வாங்கியது அதற்குள் வராது. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்பார்கள். ஏற்றிய பிறகு அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாதுகாப்புக்காக மாறப்போகிறவருக்கு அது பொருளற்ற வேலை.

அப்டேட் நின்றுபோன விண்டோஸா, அப்டேட் வருகிற லினக்ஸா என்றால் யோசிக்கவே வேண்டாம், லினக்ஸ்தான். உபுண்டு 24.04 அல்லது மின்ட் 22, இரண்டுக்கும் 2029 வரை அப்டேட் உண்டு. ஆனால் உங்கள் கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை வலுக்கட்டாயமாக லினக்ஸில் ஓட வைக்க, மன்றங்களில் கண்ட கட்டளைகளை ஒட்ட ஆரம்பித்தீர்களானால், விட்டுவந்த பழக்கத்துக்கே திரும்பிவிடுவீர்கள். அந்த மென்பொருள் பிரவுசரிலேயே வேலை செய்யும் வகையென்றால் தாராளமாக மாறுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் 11 ஓடும் கணினிக்குப் பணம் சேருங்கள். பழையதில் லினக்ஸ் போட்டு வங்கிக்கும் மெயிலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும், இப்போதுள்ள நிறுவல் போகத்தான் வேண்டும். முதலில் ஆவணங்கள், படங்கள், கணக்குத் தரவு ஆகியவற்றை மட்டும் வெளி டிஸ்கில் நகலெடுங்கள். மென்பொருளை நிறுவும் ஃபைல்கள், ஜிப்கள், ஷார்ட்கட்கள் எதுவும் வேண்டாம். நிறுவும் பென் டிரைவை, குறைந்தது 8 ஜிபி, வேறு நல்ல கணினியில் தயாரியுங்கள். நிறுவும்போது ‘என் ஃபைல்களை வைத்துக்கொள்’ என்பதைத் தவிர்த்து, அந்த டிஸ்கிலுள்ள எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு, காலி இடத்தில் புதிதாக நிறுவுங்கள். பட மென்பொருளுக்குக் காசு கொடுங்கள், அல்லது கிம்ப் போன்ற இலவசமானதைப் போடுங்கள்.

பாஸ்வேர்டுகளை மாற்றுவது நல்ல சாதனத்திலிருந்துதான், அதுவும் இன்றே. பழைய கணினியிலிருந்து மாற்றினால் புதியதும் அவர்கள் கைக்குப் போகலாம். மெயிலில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ இணைப்பும் அங்கேதான் வரும். மாற்றியதும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். அப்படியே மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங்கும் ஃபில்டர்களும் பாருங்கள். உள்ளே வந்தவர்கள் ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள மெயில்களைத் தங்களுக்கு அனுப்பிவிட்டு உங்கள் இன்பாக்ஸிலிருந்து மறைக்கும்படி விதி எழுதி வைப்பதுண்டு. பாஸ்வேர்டு மாறினாலும் அந்த விதி இருந்துகொண்டே இருக்கும். பிறகு வங்கி, பிறகு வரி மற்றும் கணக்குத் தளங்கள்.

பேக்கப் டிஸ்கை நகலெடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கழற்றி வையுங்கள், செருகியிருப்பதையும் ரேன்சம்வேர் பூட்டிவிடும். கிளவுடில் ஒத்திசைவதைப் பேக்கப் என்று கணக்கில் எடுக்காதீர்கள். பூட்டப்பட்ட ஃபைல் அங்கேயும் ஒத்திசைந்துவிடும், பழைய பதிப்புகளை அந்தச் சேவை வைத்திருந்தால்தான் மீட்க முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் பாக்கி இருக்கிறது. அந்தக் கணினியில் இருந்தவை உங்களுடையவை மட்டுமல்ல, வாடிக்கையாளர்களின் கணக்குகளும் மெயில் முகவரிகளும் கூட. அவர்களைப் போனில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரிலோ, அவர்களுக்குச் சரக்கு தருபவர் பெயரிலோ ‘வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று மெயில் வந்தால், ஏற்கெனவே தங்களிடமுள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று. மெயிலில் சொல்லாதீர்கள், அந்த மெயிலை வேறு யாரும் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.